டெலிபோன் பூத்தும் கார்ப்பெட் கிடங்கும்

என் பழைய ரூம்மேட் ஒருத்தன் போன மாசம் ராஜினாமா லெட்டரை டைப் பண்ணி எனக்குப் படிச்சுக் காட்டினான். சொந்தக் கம்பெனி ஆரம்பிக்கப் போறானாம். முதலுக்குக் கொஞ்சம் சேமிப்பு, மிச்சத்துக்குத் தங்கச்சியோட (அவன் மனைவிதான்) நகை. நான் முழிக்கிறதைப் பார்த்துட்டு, "ஃப்ராங்க் வில்லியம்ஸ் டெலிபோன் பூத்துல நின்னே ஃபார்முலா ஒன் டீம் நடத்தலையாடா?"ன்னு ஒரு போடு போட்டான்.

நடத்தினார்தான். ஆனா ஃபார்வர்டு மெயில்ல வர்ற அளவுக்கு மட்டும் அந்தக் கதையைத் தெரிஞ்சுக்கிட்டு நகையில கை வைக்கலாமா? அதான் இந்தப் பதிவு. ரேஸ் பிடிக்காதவங்களும் பொறுத்துக்கிட்டுப் படிங்க மக்களே.

முதல்ல, கையில காசில்லாத ஒருத்தர் ஃபார்முலா ஒன்ல எப்படி நுழைய முடிஞ்சுது? காரணம் ஒரு இன்ஜின். ஃபோர்டு பணம் போட, காஸ்வொர்த் கம்பெனியில கீத் டக்வொர்த் வடிவமைச்ச டி.எஃப்.வி., 3 லிட்டர், எட்டு சிலிண்டர். 1967-ல லோட்டஸ் காருக்கு மட்டும் கொடுத்தாங்க, முதல் ரேஸ்லயே ஜெயிச்சுது. அடுத்த வருஷத்துல இருந்து மத்த டீம்களுக்கும் விக்க ஆரம்பிச்சாங்க. விலை 7,500 பவுண்டு. கியர்பாக்ஸ் ஹியூலண்ட் கடையில கிடைக்கும். சேசிஸ் வேற யார்கிட்டயாவது வாங்கிக்கலாம். நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் பார்ட்ஸா வாங்கி கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுவோமே, கிட்டத்தட்ட அதே கதைதான். ஃபெராரி மாதிரி இன்ஜினையும் தானே செய்யணும்னு இருந்திருந்தா வில்லியம்ஸ் பேரையே நாம கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

மனுஷன் 1942-ல பிறந்தவர். கொஞ்ச நாள் தானே ரேஸ் ஓட்டிப் பார்த்தார், பெருசா ஒண்ணும் நடக்கலை. ரேஸ் கார், உதிரிப்பாகம் வாங்கி விக்கிறதுல கைக்குப் பணம் வந்தது. 1969-ல டி.எஃப்.வி. வச்ச ஒரு பிராபம் காரை வாங்கி, நண்பர் பியர்ஸ் கரேஜை ஓட்ட வச்சார். கரேஜ் பெரிய பீர் கம்பெனிக் குடும்பத்துப் பையன். மொனாக்கோலயும் அமெரிக்காவுல வாட்கின்ஸ் க்ளென்லயும் ரெண்டாவது இடம்! சொந்தக் காசுல ஓடுற டீமுக்கு இது ரொம்பப் பெரிய விஷயம்.

அடுத்த வருஷம் டி டொமாஸோங்கிற இத்தாலிக் கம்பெனி காரோட கூட்டு. 1970 ஜூன் 21, ஹாலந்துல சாண்ட்ஃபோர்ட் ரேஸ். கரேஜோட கார் தடத்தை விட்டு விலகி மோதித் தீப்பிடிச்சுது. காருல மெக்னீசியம் வேற, அணையவே இல்லை. கரேஜுக்கு வயசு 28. கடன் ஏறினதை விட, தன் காருல நண்பன் செத்துப்போனதுதான் வில்லியம்ஸை உலுக்கியிருக்கும்னு நான் நினைக்கிறேன். ஆனாலும் அவர் நிறுத்தலை. (இந்தப் பகுதி ஃபார்வர்டு மெயில்ல வராது.)

அதுக்கப்புறம் வந்த வருஷங்களை வேகமா ஓட்டிடறேன், ஏன்னா தோல்வியைத் தவிர பெருசா ஒண்ணுமில்லை. 1972-ல முதல் முறையா டீமே ஒரு கார் கட்டிச்சு. ஸ்பான்சர் பொலிடாய்ஸ்ங்கிற பொம்மைக் கார் கம்பெனி! பிராண்ட்ஸ் ஹாட்ச்ல முதல் ரேஸ்லயே பெஸ்கரோலோ அதைக் கொண்டுபோய் மோதிட்டார். பில் கட்டாததால போன் கனெக்‌ஷன் கட். அதனாலதான் பக்கத்துல இருந்த பூத்துல நின்னு வியாபாரம் பேசினது. மனைவி ஜின்னி தன் ஃப்ளாட்டை வித்துப் பணம் கொடுத்தாங்க. 1975 ஜெர்மன் ரேஸ்ல லஃபீத் ரெண்டாவது வந்தார், ஆனா அன்னிக்குப் பல கார்களுக்கு டயர் பஞ்சர். அந்த வருஷம் டீம் எடுத்த மொத்த பாயிண்டே அந்த 6 தான்.

1976-ல வால்டர் உல்ஃப்ங்கிற கனடா தொழிலதிபர் டீம்ல 60 சதவீதத்தை வாங்கினார். அந்த வருஷம் ஒரு பாயிண்ட் கூட வரலை. சீசன் முடிவுல வில்லியம்ஸை மேனேஜர் பதவியில இருந்து தூக்கிட்டார். அடுத்து நடந்ததுதான் கொடுமை. 1977 ஜனவரி, அர்ஜென்டினா, சீசனோட முதல் ரேஸ். உல்ஃபோட புதுக் கார் முதல் ஓட்டத்துலயே ஜெயிச்சுது! எட்டு வருஷமா இவரால முடியாதது, இவரை வெளியே அனுப்பின உடனே நடந்துடுச்சு. நானா இருந்தா அன்னிக்கே ரேஸ் பக்கம் தலைவச்சுப் படுத்திருக்க மாட்டேன்.

இவர் மறுபடியும் ஆரம்பிச்சார். டிட்காட்ல ஒரு பழைய கார்ப்பெட் கிடங்கு, விலைக்கு வாங்கின ஒரு மார்ச் கார், பெல்ஜியம் டிரைவர் பாட்ரிக் நெவ். அந்த வருஷமும் பாயிண்ட் பூஜ்யம்தான். ஆனா இந்தத் தடவை ஒரு பெரிய வித்தியாசம். உல்ஃபை விட்டு இவரோட கிளம்பி வந்த இன்ஜினியர் பேட்ரிக் ஹெட். டிசைன் முழுக்க அவர் பொறுப்பு, பணம் புரட்டுறது இவர் பொறுப்பு. சவுதியா ஏர்லைன்ஸ் ஸ்பான்சரா வந்தாங்க. 1978-ல ஹெட் டிசைன் பண்ணின காரை ஆலன் ஜோன்ஸ் ஓட்டினார். 1979-ல வந்தது எஃப்.டபிள்யூ.07. ஜூலை 14, சில்வர்ஸ்டோன்ல முன்னால போய்க்கிட்டிருந்த ஜோன்ஸ் கார் தண்ணி பம்ப் கோளாறுல நின்னுபோச்சு. பின்னாடி வந்த இன்னொரு வில்லியம்ஸ்ல ரெகாசோனி ஜெயிச்சார். ஸ்பான்சர் சவுதிக்காரங்கறதால மேடையில ஷாம்பெயின் கிடையாது, ஆரஞ்சு ஜூஸ் :-) 1980-ல ஜோன்ஸும் சாம்பியன், டீமும் சாம்பியன். (பின்னாடி, 2006-லயும் 2007-லயும் நம்ம கோயம்புத்தூர் நரேன் இதே டீம்ல டெஸ்ட் டிரைவர்.)

விடாமுயற்சின்னு ஒத்தை வார்த்தையில முடிச்சுடறாங்க. அதுதான் எனக்கு இடிக்குது. விடாமுயற்சி 1969-லயே இருந்ததே! 1972-லயும், 1975-லயும் இருந்தது. 1977-ல புதுசா வந்தது, வேலையை முழுசா நம்பி ஒப்படைக்க ஒரு ஹெட், மாசச் செலவுக்கு ஒரு ஸ்பான்சர்.

இதையெல்லாம் ரூம்மேட்கிட்ட சொல்லிட்டு, "சரி, உன் பேட்ரிக் ஹெட் யாருடா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நீ வர்றியா?"ன்னான். நான் வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே எழுந்துட்டேன்.

லெட்டர் இன்னும் டிராஃப்ட்லதான் இருக்காம். நகையும் பீரோலதான் இருக்காம். நேத்து தங்கச்சி போன் பண்ணிச் சொன்னாங்க.