விசுவாசமும் நம்பிக்கையும்: இடம் மாறிய ஒரு சொல்

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்று வாசிக்கும் இரண்டு வேதாகமங்களை அருகருகே விரித்து, 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பில், நிலைத்து நிற்கும் மூன்று விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே மூன்றும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. அன்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. விசுவாசம் வெளியே போய்விட்டது. இரண்டாவதாக இருந்த நம்பிக்கை முதலிடத்துக்கு ஏறியிருக்கிறது. அது விட்டுப்போன இடத்துக்கு எதிர்நோக்கு வந்திருக்கிறது. ஆக, 'நம்பிக்கை' என்ற ஒரே சொல்லைப் படிக்கும் இரண்டு பேர், எந்த வேதாகமம் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, இரண்டு வெவ்வேறு பொருள்களை எடுத்துக்கொள்கிறார்கள்.

இதை வடமொழிக்கும் தமிழுக்கும் நடக்கும் பிணக்கு என்று பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

விசுவாசம் வடமொழிதான். 'ச்வஸ்' என்ற மூச்சுவிடும் வேரிலிருந்து வந்தது. சுவாசமும் அதே வேரில் பிறந்ததே. அச்சம் நீங்கி நிம்மதியாக மூச்சு விடுவது என்பதிலிருந்து, ஒருவர்மேல் பாரத்தைப் போட்டு இருப்பது என்ற பொருளுக்கு நீண்டது. தமிழில் அது இன்னொரு பொருளையும் சேர்த்துக்கொண்டது. ராஜவிசுவாசம், உண்ட வீட்டுக்கு விசுவாசம், நாய்க்கு இருக்கும் விசுவாசம் என்று நாம் சொல்லும்போது கைவிடாமல் நிற்பதைச் சொல்கிறோம். பவுல் எழுதிய கிரேக்கத்தில் உள்ள 'பிஸ்திஸ்' என்ற சொல்லுக்கும் இந்த இரண்டு முகங்களும் உண்டு: நம்புவது, நம்பப்பட்டவருக்கு உண்மையாக இருப்பது. இந்தப் பொருத்தத்தை நான் சிறியதாக எண்ணவில்லை. நம்பிக்கை என்ற சொல்லில் இரண்டாவது முகம் இவ்வளவு தெளிவாக இல்லை.

கத்தோலிக்கர்களும் நெடுங்காலம் இந்தச் சொல்லில்தான் வாழ்ந்தார்கள். விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்று மூன்று செபங்களைப் பாட்டிமார் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர்களுடைய பழைய விசுவாசப் பிரமாணத்தில் வினைச்சொல் 'விசுவசிக்கிறேன்'. சீர்திருத்தச் சபையாருக்கு அது 'விசுவாசிக்கிறேன்'. ஒரே ஒரு துணைக்காலில் சபை தெரிந்துவிடும். இப்போது கத்தோலிக்க வழிபாட்டில் 'நம்புகிறேன்' என்று வந்துவிட்டது.

இனி நம்பிக்கை. தொல்காப்பிய உரியியல் 'நம்பு' என்ற சொல்லுக்கு நசை என்று பொருள் தருகிறது. நசை என்றால் விருப்பம். நாடிப்போகிற மனம்தான் அந்தச் சொல்லின் பழைய உடம்பு. சார்ந்திருப்பது பிறகு வளர்ந்தது. அப்படியானால், வரப்போகிறதை விரும்பிக் காத்திருக்கும் நிலைக்குப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் நம்பிக்கை என்று எழுதியது நல்ல தமிழ். எபிரேயர் 11ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் விசுவாசத்துக்கு விளக்கம் சொல்லும்போதும், இன்னும் கைக்கு வராததைக் குறிக்க அவர்கள் 'நம்பு' என்ற வினையையே எடுத்தார்கள்.

ஆனால் அவர்கள் காலத்துக்குப் பிறகு பேச்சு மாறியது. விசுவாசம் என்றால் சபைக்கு வெளியே இருப்பவருக்கு எஜமானுக்கு வாலாட்டுவது என்றுதான் இன்று முதலில் தோன்றும். கடவுள் நம்பிக்கை, இறைநம்பிக்கை என்றால் யாருக்கும் விளங்கும். கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து உழைத்த 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு அந்த வெளியாளையும் மனதில் வைத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். சொல் மாறியதால் வேதம் நீர்த்துப்போயிற்று என்று பிரசங்கிப்பவர்கள், விசுவாசமும் ஒருகாலத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேர்ந்தெடுத்த சொல்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு இடிக்கும் சொல் எதிர்நோக்கு. தண்டனையை எதிர்நோக்கும் கைதி, பஞ்சத்தை எதிர்நோக்கும் நாடு என்று செய்தித்தாள் எழுதுகிறது. வருவது நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல் சொல்லாது. அதில் நசை இல்லை. 2025 யூபிலி ஆண்டுக்கு 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று கத்தோலிக்கத் திருச்சபை விருதுவாக்கு வைத்ததால், சொல்லிச் சொல்லி அதற்கும் ஒரு சூடு ஏறலாம்.

சொல் ஒருபுறம் இருக்க, மெய்யான விசுவாசம் எது என்ற கேள்வியும் சென்னைப் புறநகரான தாம்பரத்துக்குப் புதியதில்லை. 1938 டிசம்பரில், முந்தைய ஆண்டுதான் இங்கே குடிவந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், சர்வதேச மிஷனரி மன்றத்தின் மாநாடு கூடியது. சீனாவின் ஹாங்சோவில் நடக்க வேண்டியது, போரால் இங்கே வந்தது. 69 நாடுகளிலிருந்து 471 பேர். ஹாலந்துக்காரரான ஹென்ட்ரிக் கிரேமர், கிறிஸ்துவில் வந்த வெளிப்பாட்டுக்கும் மற்ற மதங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்று அந்த மாநாட்டுக்காகவே ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். அதே கல்லூரியின் முதல்வராயிருந்த ஏ. ஜி. ஹாக் அதை ஏற்கவில்லை. மதங்கள் வேறு, மதத்துக்குள் ஒரு மனிதனிடம் இருக்கும் விசுவாசம் வேறு. பிற மதத்தாரிடமும் மெய்யான விசுவாசம் இருக்கக்கூடும் என்றார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃபெய்த்' என்ற ஒரே சொல், ஒருமையும் பன்மையுமாக. அதனால் அவர் நுணுக்கி நுணுக்கிப் பிரிக்க வேண்டியிருந்தது. தமிழில் விசுவாசம், சமயம் என்று ஏற்கெனவே பிரிந்தே கிடக்கிறது.

இன்று தாம்பரத்தைச் சுற்றி, குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூர் வரை, விசுவாசம் என்ற சொல் வேறு வேலையும் செய்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் விசுவாசி என்றால் ஒரு வகை ஆள். ஞாயிறு மட்டும் கோவிலுக்குப் போகிறவர் 'பெயர்க் கிறிஸ்தவர்'. 'விசுவாசக் குடும்பத்தில் மணமகள் தேவை' என்று விளம்பரம் வருகிறது. அளவுகோலாகவே ஆகிவிட்ட சொல்லை, அகராதியைக் காட்டி யாரும் மாற்ற முடியாது.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி பெந்தெகொஸ்தே மிஷனின் தலைமையகம் இருக்கிறது. 1920களில் இலங்கையில் தொடங்கிய சபை. அதன் ஊழியர்கள் மணம் செய்துகொள்ளாமல், சம்பளம் வாங்காமல், கூட்டாக வாழும் இடத்துக்கு விசுவாச வீடு என்று பெயர். மாதக் கடைசிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கணக்குப் போடாமல், அழைத்தவரைவிட்டு நகராமல் இருப்பது அங்கே அந்தச் சொல்லின் பொருள். வாசலில் 'நம்பிக்கை இல்லம்' என்று எழுதிப் பாருங்கள்: சாலையில் போகிறவர் ஆதரவற்றோர் விடுதி என்றோ குடிநோயாளிகளின் மறுவாழ்வு மையம் என்றோதான் எடுத்துக்கொள்வார்.