ஹாட் டிஸ்க் போன கணினி வெறும் பெட்டியா?

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நமது கணினிக் கூடத்திலுள்ள 11 பழைய கணினிகளைக் கழித்துவிடுவது பற்றிப் பேச்சு வந்தது. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதி இந்தக் கணினிகளுக்கு இல்லை. நான்கில் வன்தட்டும் பழுது. "ஹாட் டிஸ்க் போன கொம்பியூட்டர் வெறும் பெட்டி தானே சேர்?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். கூட்டத்தில் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அதுதான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயம். வன்தட்டு என்பது அலுமாரி மாதிரி. ரெம் என்பது மேசை. வேலை நடப்பது மேசையில்தான். பணிசெயல் முறைமையை எங்கிருந்தாவது எடுத்து மேசைக்குக் கொண்டுவந்தால் போதும், கணினி ஓடும். அது அலுமாரியிலிருந்துதான் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1981 ஓகஸ்டில் ஐபிஎம் தனது முதல் பிசியை வெளியிட்டபோது அதில் வன்தட்டே இருக்கவில்லை. 160 கேபி கொள்ளும் ஐந்தேகால் அங்குல ப்ளொப்பியில் டொஸ் இருக்கும். அதைப் போட்டுக் கணினியை எழுப்பி, பிறகு கழற்றிவிட்டு வேலைக்குரிய ப்ளொப்பியைப் போடுவார்கள். 1984 இல் வந்த முதல் மெக்கின்டொஷும் அப்படித்தான். ஒரேயொரு 400 கேபி ப்ளொப்பிக்குள் எல்லாம். 1983 இல் ஐபிஎம் எக்ஸ்டி 10 எம்பி வன்தட்டோடு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாக் கணினிக்குள்ளும் வன்தட்டு குடியேறியது. பிறகுதான் வன்தட்டும் கணினியும் ஒன்று என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போனது.

இறுவட்டு வந்ததும் பழைய யோசனை திரும்பவும் தலைதூக்கியது. ப்ளொப்பியில் ஒன்றரை எம்பி கூட இல்லை, இறுவட்டிலோ 650 எம்பி! ஜப்பானில் புஜிட்சு நிறுவனம் 1989 இல் விற்ற எஃப்எம் டவுன்ஸ் என்ற கணினி இறுவட்டிலிருந்தே நேரடியாக எழும்பக்கூடியது. ஆனால் அது அவர்களுடைய சொந்தப் பெட்டிக்கு மட்டும். சாதாரண பிசிக்கு அந்த வழியைத் தேடியவர்களில் முன்னோடி, கலிபோர்னியாவின் பேர்க்லியில் இருந்த அடம் ரிக்டர். அவருடைய இக்ட்ராசில் லினக்ஸ் இறுவட்டு 1992 டிசம்பரில் வெளிவந்தது. லினக்ஸுக்கு அப்போது ஒரு வயதுதான். அந்த இறுவட்டை வன்தட்டில் நிறுவாமலே ஓட்டலாம். ஆனால் அக்காலத்துப் பிசிகளுக்கு இறுவட்டிலிருந்து எழும்பத் தெரியாது. முதலில் ஒரு ப்ளொப்பியால் தட்டி எழுப்பவேண்டும். இறுவட்டு ட்ரைவ்களும் ஆமை வேகம்.

அந்தத் தடையை உடைத்தது ஒரு சின்னத் தந்திரம். 1995 ஜனவரியில் பீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் "எல் டொரிட்டோ" என்ற நியமத்தை வெளியிட்டார்கள். இறுவட்டின் ஒரு மூலையில் ஒரு ப்ளொப்பியின் பிரதியை வைத்துவிடுவது. கணினி அதைப் பார்த்து, 'ஓ, ப்ளொப்பி போட்டிருக்கிறார்கள்' என்று நம்பி எழும்பிவிடும். பெயரைப் பார்த்து யோசிக்காதீர்கள். எல் டொரிட்டோ என்பது அமெரிக்காவிலுள்ள ஒரு மெக்சிக்கன் சாப்பாட்டுக் கடைத் தொடரின் பெயர். அந்தக் கடையொன்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் யோசனை பிறந்தது என்று சொல்வார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் ஜேர்மனியின் கிளவுஸ் நொப்பர். மின்பொறியியல் படித்தவர். எங்கே போனாலும் தன் மென்பொருள்கள் கூடவே வரவேண்டும், ஆனால் மடிக்கணினியைச் சுமந்து திரியக்கூடாது. இதுதான் அவருடைய தேவை. 1999 இல் லினக்ஸ்கெயார் என்ற நிறுவனம் விசிட்டிங் கார்ட் அளவில், 50 எம்பி மட்டும் கொள்ளும் குட்டி இறுவட்டு ஒன்றைச் செய்திருந்தது. பழுதான கணினிகளை மீட்பதற்கானது. அதில் பயன்பட்ட சுருக்கும் நுட்பத்தை நொப்பர் எடுத்து வளர்த்தார். 2 ஜிபி அளவு மென்பொருள் 700 எம்பி இறுவட்டுக்குள் அடங்கியது; தேவைப்படும்போது தேவையான துண்டு மட்டும் விரியும். 2000 செப்டெம்பர் 30 இல் நொப்பிக்ஸ் வெளிவந்தது. எந்தக் கணினியில் போட்டாலும் திரை, ஒலி, வலையமைப்பு எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். இறுவட்டை எடுத்துவிட்டால், வந்து போன தடயமே அந்தக் கணினியில் இருக்காது. அவருடைய மனைவி அட்ரியான் பார்வைக் குறைபாடு உள்ளவர். அவர் பாவிக்கக்கூடியதாக, திரையிலுள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் முறையொன்றையும் பின்னர் நொப்பிக்ஸில் சேர்த்து, அதற்கு அட்ரியான் என்றே பெயர் வைத்தார்.

நம் பக்கம் அதிகம் வந்து சேர்ந்தது நொப்பிக்ஸ் அல்ல, உபுண்டு. 2005 முதல் 2011 வரை, இணையத்தில் முகவரி கொடுத்தால் உலகின் எந்த மூலைக்கும் தபாலில் இலவசமாக இறுவட்டு அனுப்பினார்கள். இணைய வேகம் இருந்த லட்சணத்தில் 700 எம்பி பதிவிறக்குவதை நினைத்தும் பார்க்க முடியாத காலம் அது. நானும் கேட்டிருந்தேன். ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் தபால்கார நானா தடித்த உறையொன்றைத் தந்துவிட்டு, "வெளிநாட்டிலிருந்து விசாவா சேர்?" என்று கேட்டார்.

அந்த இறுவட்டின் அருமை 2008 இல்தான் தெரிந்தது. சாதாரண தரப் பிள்ளைகளின் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகள் முழுவதும் ஒரே கணினியில். மூன்று வகுப்பு, நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். வலயத்துக்கு அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது விண்டோஸ் எழும்ப மறுத்துவிட்டது. டவுனில் திருத்தும் கடையில், "ஃபோர்மட் அடிக்கத்தான் வேணும், உள்ளே இருக்கிறது வராது" என்றார்கள். பிரதி எடுத்து வைக்காதது என் பிழை. ஒரு ஐசிடி ஆசிரியர் இதைச் சொல்ல வெட்கப்படவேண்டும். இஷாவுக்குப் பிறகு பாடசாலைக்குப் போய் உபுண்டு இறுவட்டைப் போட்டேன். ஐந்து நிமிடம் போல உறுமிவிட்டுத் திரை வந்தது. வன்தட்டின் அடையாளத்தைத் திறந்தேன். கோப்புகள் எல்லாம் வரிசையாக இருந்தன. பழுதானது விண்டோஸ் மட்டும்தான். புள்ளிகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. பென் ட்ரைவில் பிரதி எடுத்தேன். காவலாளி நானா தந்த பிளேன்டீயின் சுவை இன்னும் நாக்கில் இருக்கிறது.

பிறகு இறுவட்டின் காலம் முடிந்தது. 2012 ஒக்டோபரில் வந்த உபுண்டு 700 எம்பிக்குள் அடங்கவில்லை. மடிக்கணினிகளிலிருந்து இறுவட்டு ட்ரைவும் காணாமல் போனது. ஆனால் வழி மாறவில்லை. இறுவட்டின் இடத்துக்கு பென் ட்ரைவ் வந்தது, அவ்வளவுதான். 2013 இல் அமெரிக்காவின் கண்காணிப்பு இரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடனும் அவரோடு தொடர்பிலிருந்த ஊடகவியலாளர்களும் பாவித்த டெயில்ஸ், நொப்பரின் அதே வழியில் தடயம் விடாமல் ஓடும் முறைமைதான்.

குறைகளையும் சொல்லவேண்டும். பென் ட்ரைவிலிருந்து ஓடும்போது வேகம் குறைவு. செய்த வேலையைத் தனியாகச் சேமிக்க மறந்தால், கணினியை நிறுத்தியதும் போய்விடும். விண்டோஸுக்கென்றே எழுதிய சில மென்பொருள்கள் ஓடாது. அதிபரின் காரியாலயக் கணினிக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தரம் 8 பிள்ளை தட்டச்சுப் பழக, விரிதாள் செய்ய, புரோகிராம் எழுதிப் பார்க்க இது தாராளம்.

வியாழக்கிழமை அதிபரிடம் அனுமதி வாங்கி 11 கணினிகளிலும் ஒரு லினக்ஸ் பென் ட்ரைவைப் போட்டுப் பார்த்தேன். வன்தட்டு நல்லாக இருந்த ஏழும் எழும்பின. அவற்றில் லினக்ஸை நிரந்தரமாகவே நிறுவிவிடலாம். வன்தட்டு பழுதான நான்கில் மூன்று எழும்பின. ஒன்றில் மதர்போர்டே போய்விட்டது, அதைக் கழிப்பதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை.

அடுத்த கூட்டத்தில்தான் முடிவு எடுக்கப்போகிறார்கள். அதற்கு முன் நேரில் பார்க்க விரும்பும் பெற்றோர், பழைய மாணவர்கள் வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கணினிக் கூடத்துக்கு வாருங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் 8 ஜிபி பென் ட்ரைவ் இருந்தால் கொண்டுவாருங்கள், மூன்று தேவை. உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கல்யாண வீடியோ உள்ளதைக் கொண்டுவந்து பிறகு என்னோடு கோபிக்க வேண்டாம்.