கைதியாக, அமைச்சராக, நீதிபதியாக

1973இல் வி.ஆர்.கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் போகிறார் என்ற பேச்சு எழுந்ததும் பம்பாய் வழக்கறிஞர்கள் பலர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியில் அமைச்சராக இருந்தவர் நடுநிலையோடு தீர்ப்புச் சொல்வாரா என்பது அவர்களுடைய சந்தேகம். கையெழுத்திட்டவர்களில் ஒருவரான சோலி சொராப்ஜி, அது தவறு என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் அரசியலிலிருந்து நீதிமன்றத்துக்குப் போகும் இந்தப் பாதை பழகியதுதான்: அலபாமா செனட்டர் ஹியூகோ பிளாக் 1937இல் நேராக அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கே போனார். அங்கும் சர்ச்சைக்குக் குறைவில்லை.

பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் 1915இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணய்யர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை சட்டக் கல்லூரியிலும் படித்தார். வக்கீல் தொழில் தலச்சேரியில். அங்கே கட்சிக்காரர்களில் பலர் விவசாயிகள், தொழிலாளர்கள். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948இல் அவரையே பிடித்துச் சிறையில் வைத்தார்கள்.

1952இல் சென்னை சட்டமன்ற உறுப்பினர். 1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்டம், உள்துறை, மின்சாரம், நீர்ப்பாசனம் எல்லாம் அவரிடம், சிறைத்துறையும்தான். கைதியாக உள்ளே இருந்தவரே சிறை அமைச்சர்! 1960 தேர்தலில் ஏழே வாக்கில் தோற்று, வழக்குப் போட்டு வென்றார். 1968இல் கேரள உயர் நீதிமன்றம், பின் சட்ட ஆணையம், அதன்பின் உச்ச நீதிமன்றம்.

1975 ஜூனில், கோடை விடுமுறையில், தன் தேர்தல் வெற்றி செல்லாது என்ற தீர்ப்பை எதிர்த்துப் பிரதமர் இந்திரா காந்தி செய்த மேல்முறையீடு இவர் முன் வரவிருந்தது. சட்ட அமைச்சர் கோகலே தொலைபேசியில் சந்திக்க நேரம் கேட்டார். மனுவைப் பதிவாளரிடம் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார் கிருஷ்ணய்யர். ஜூன் 24 அன்று அந்தத் தீர்ப்புக்கு நிபந்தனையோடுதான் தடை கொடுத்தார்: இந்திரா பிரதமராகத் தொடரலாம், மக்களவையில் வாக்களிக்கக் கூடாது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை.

ஆனால் அவருடைய முத்திரை சிறை வழக்குகளில்தான் அழுத்தமாக விழுந்தது. திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியான சுனில் பத்ரா, வேறொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததைக் கடிதமாக எழுதி அனுப்பினார். முத்திரைத்தாளும் இல்லை, வக்கீலும் இல்லை. அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்றது நீதிமன்றம். சிறைக்குள் போனாலும் மனிதனின் அடிப்படை உரிமை வாசலில் நின்றுவிடாது என்று தீர்ப்பு எழுதினார் கிருஷ்ணய்யர். சட்டப் புத்தகம் மட்டும் படித்த நீதிபதியிடமிருந்து இத்தனை அழுத்தமான தீர்ப்பு வந்திருக்குமா என்பது சந்தேகமே.

1980இல் ஓய்வு பெற்றார். 1987இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்று, இன்னொரு தமிழ் வழக்கறிஞரான ஆர்.வெங்கட்ராமனிடம் தோற்றார்.