பழைய பெட்டி, புதிய பாகம்: வீட்டுக் கணினியைத் திறந்துவைத்தவர்களின் கதை



விளையாட்டுக்காக வாங்கிய கணினி பழசாகிவிட்டது. எந்தப் பாகத்தை மாற்றினால் இன்னும் சில வருடம் ஓட்டலாம்? அல்லது முழுவதையும் தூக்கிப் போட்டுப் புதிதாக வாங்குவதா? இந்த வழக்கு இன்று பல வீடுகளில் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையே நடக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகு அது இன்னும் சூடு பிடித்திருக்கிறது.

நான் கணினிப் பொறியாளன் அல்ல. வணிகவியல் படித்த கணக்காளன். ஆனால் இந்தக் கேள்விக்கு நல்ல விடை சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு நிறுவனத்தின் பாகத்தைக் கழற்றிவிட்டு வேறொரு நிறுவனத்தின் பாகத்தைப் பொருத்தலாம் என்ற வசதி தானாக வந்ததல்ல. அதை ஒருமுறை மூடப் பார்த்தார்கள். பின்னொரு முறை சுருக்கப் பார்த்தார்கள்.

1981 ஆகஸ்ட் 12ஆம் தேதி ஐபிஎம் நிறுவனம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. தொடக்க விலை 1,565 அமெரிக்க டாலர். அந்த விலைக்குக் கிடைத்த நினைவகம் 16 கிலோபைட் மட்டும். ஃபுளோரிடாவின் போக்கா ரேட்டன் நகரில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் இயங்கிய சிறிய குழு ஏறக்குறைய ஓராண்டில் அதைச் செய்து முடித்தது. எல்லாவற்றையும் தாங்களே உருவாக்க அவர்களுக்கு நேரமில்லை. புராசசரை இன்டெலிடம் வாங்கினார்கள். இயங்குதளத்தை மைக்ரோசாஃப்டிடம் பெற்றார்கள். மதர்போர்டில் கூடுதல் கார்டுகளைச் செருக ஐந்து இடங்களை விட்டுவைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. மின்சுற்று வரைபடங்களையும் கையேடாக அச்சிட்டு விற்றார்கள். அதைப் படித்து யார் வேண்டுமானாலும் அந்த இடங்களுக்கான கார்டைச் செய்யலாம் என்றாயிற்று.

இதனால் விளைந்த ஒரு நன்மை நம்மைப் போன்றவர்களுக்கு நன்றாகப் புரியும். வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்து ஆய்வு மாணவருக்குத் தன் ஆய்வேட்டைத் தம் நாட்டு எழுத்துகளில் கணினியில் எழுத வேண்டியிருந்தது. ஐபிஎம்மின் கார்டுகள் அதற்குப் போதவில்லை. அவர் தாமே ஒரு கார்டை வடிவமைத்தார். 1982இல் வெளிவந்த அந்த ‘ஹெர்குலிஸ்’ கிராபிக்ஸ் கார்டு, லோட்டஸ் 1-2-3 விரிதாளில் வரைபடங்கள் பார்த்த கணக்காளர்களின் மேசைகளிலும் பின்னர் இடம்பிடித்தது. பெட்டி மூடியிருந்தால் அந்த மாணவர் ஐபிஎம்முக்கு ஒரு விண்ணப்பம் எழுதிவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் மற்ற நிறுவனங்களும் அதே மாதிரிக் கணினிகளைச் செய்து விற்கத் தொடங்கியதும் ஐபிஎம்முக்கு மனம் மாறியது. 1987 ஏப்ரலில் அது அறிமுகப்படுத்திய பிஎஸ்/2 வரிசையின் முக்கிய மாடல்களில் புதிய வகை இணைப்பிடம் இருந்தது. பழைய கார்டுகள் அதில் பொருந்தா. பிறர் அதைப் பயன்படுத்த உரிமம் பெற்றுப் பணம் கட்ட வேண்டும். 1988 செப்டம்பரில் காம்பாக், ஹெச்பி, எப்சன், ஒலிவெட்டி உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் கைகோத்து, பழைய கார்டுகளும் பொருந்தக்கூடிய மாற்று வடிவம் ஒன்றை அறிவித்தன. அந்த மாற்று வடிவம் வீடுகளுக்குப் பெரிதாக வரவில்லை. ஆனால் ஐபிஎம்மின் வடிவமும் வெல்லவில்லை. 1992இல் இன்டெல் கொண்டுவந்த பிசிஐ என்ற இணைப்பே பின்னர் எங்கும் பரவியது. ஐபிஎம் தன் பிசி தொழிலை 2005இல் லெனோவோவிடம் விற்றுவிட்டு வெளியேறியது.

பெட்டி திறந்தே இருந்ததால் விளையாட்டுகள் அதற்குள் குடிபுகுந்தன. சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ கார்டை வெளியிட்டது. அதுவரை பெரும்பாலான பிசிகள் ‘பீப்’ என்ற சத்தத்தைத் தாண்டியதில்லை.

1996இல் வந்த ‘குவேக்’ விளையாட்டு வேறொரு பாடம் சொன்னது. சைரிக்ஸ் நிறுவனத்தின் புராசசர்கள் அலுவலக வேலைகளில் பென்டியத்துக்கு ஈடுகொடுத்தன, விலையும் குறைவு. ஆனால் குவேக் தசமக் கணக்குகளை ஓயாமல் கேட்டது. அதில் சைரிக்ஸ் பின்தங்கியது. பொதுவாக நல்ல பாகம் வேறு, நம் தேவைக்கு நல்ல பாகம் வேறு.

அதே 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் ‘வூடூ’ வந்தது. முப்பரிமாணக் காட்சிகளை வரைவது மட்டுமே அதன் வேலை. மற்றதற்கெல்லாம் பழைய கார்டு இருக்க வேண்டும். இரண்டையும் பெட்டிக்குப் பின்னால் ஒரு சிறு கேபிள் இணைக்கும். அந்த ஆண்டு நினைவகச் சிப்புகளின் விலை சரிந்ததால்தான் அது வீட்டுக்காரர்களின் கைக்கு எட்டியது. முழுக் கணினியையும் மாற்றாமல், எது தடையோ அதை மட்டும் மாற்றும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2017இல் ஏஎம்டி நிறுவனம் முதல் ரைசன் புராசசர்களை ‘ஏஎம்4’ என்ற பொருத்துவாயோடு விற்றது. 2020 மே மாதம், அடுத்து வரப்போகும் தலைமுறை பழைய மதர்போர்டுகளில் வேலை செய்யாது என்று அறிவித்தது. தொடக்க மென்பொருளைச் சேமிக்கும் சிப்பில் இடம் போதாது என்பது காரணம். வாங்கியவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இரண்டே வாரங்களில் நிறுவனம் 400 வரிசை மதர்போர்டுகளுக்கு வழிவிட்டது. 2022இல் 2017ஆம் ஆண்டின் 300 வரிசைக்கும் அந்த வழி திறந்தது. ஐந்து ஆண்டு பழைய மதர்போர்டில், 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற, அன்றைய மிகச் சிறந்த விளையாட்டுப் புராசசர்களில் ஒன்றைப் பொருத்த முடிந்தது. 1988இல் ஒன்பது நிறுவனங்கள் செய்ததை இந்த முறை வாடிக்கையாளர்களே செய்தார்கள்.

இதில் இன்றைய சிக்கலுக்கும் விடை இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் முதல் ரைசன்கள் விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லை. 5000 வரிசை இருக்கிறது. மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் புதிய புராசசருக்கு ஆதரவு உண்டா என்று பார்த்து, தொடக்க மென்பொருளை முதலில் புதுப்பித்துவிட்டு, புராசசரை மட்டும் மாற்றினால் போதும். ரேம், பெட்டி, பவர் சப்ளை எல்லாம் அப்படியே இருக்கும்.

சரி, உங்கள் கணினியில் எது தடை? எளிய சோதனை ஒன்று உண்டு. விளையாட்டின் திரைத் துல்லியத்தைக் குறைத்துப் பாருங்கள். ஓட்டம் நன்றாக வேகம் எடுத்தால் கிராபிக்ஸ் கார்டுதான் தடை. மாற்றமே இல்லையென்றால் பெரும்பாலும் புராசசர். விளையாட்டு திறக்கவே நேரம் எடுத்தால், இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்டி ஒன்று போதும்.

கணக்காளனாக மூன்று விஷயம் சொல்கிறேன். ஏற்கெனவே போட்ட பணத்தை இன்றைய முடிவில் சேர்க்காதீர்கள், அது செலவாகிவிட்டது. இரண்டாவது, புதிய பாகத்தின் விலையை அது உழைக்கப்போகும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். பெட்டிகளுக்கான ஏடிஎக்ஸ் அளவு 1995இல் வந்தது. இன்றும் நடப்பில் இருக்கிறது. நல்ல பெட்டியும் எஸ்எஸ்டியும் அடுத்த கணினிக்கும் வரும். டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 மதர்போர்டுக்குப் போகாது. ஆகவே மதர்போர்டை மாற்றும்போது ஒன்றுக்குப் பதில் மூன்று வாங்க நேரலாம்.

மூன்றாவது, மலிவு என்பதற்காகப் பொருத்தத்தை மறக்காதீர்கள். 2022 ஜனவரியில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு, வழக்கமான பதினாறு தடங்களுக்குப் பதில் நான்கே தடங்களில் மதர்போர்டோடு பேசியது. தடங்கள் வேகமாக இருந்த புதிய மதர்போர்டில் சமாளித்தது. பழைய மதர்போர்டுகளில் பல விளையாட்டுகளில் தடுமாறியது. மலிவான கார்டைத் தேடியவர்களில் பலர் வைத்திருந்ததோ பழைய மதர்போர்டு!

இன்று பல மடிக்கணினிகளில் ரேம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டே வருகிறது. பின்னால் கூட்ட முடியாது. எனவே புதிதாகத்தான் வாங்குவது என்று முடிவு செய்தாலும் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் எதை எல்லாம் நானே கழற்றி மாற்றலாம்? வாங்குபவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் வரைதான் அந்த வசதி இருக்கும்.