முனையத்தில் திரைப்பக்கம்: சுருள் காகிதம் முதல் ‘லெஸ்’ வரை

கணிப்பொறி முனையத்தில் ஒரு நீண்ட கோப்பைக் காட்டுமாறு கட்டளையிட்டால், முதல் திரையளவு மட்டும் தோன்றி, அடியில் ஒரு சிறு குறியுடன் நின்று, படிப்பவர் ஸ்பேஸ் பட்டையைத் தட்டிய பின்னரே அடுத்த திரையளவு வரும் என்பதை, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் கண்ணாடிக் கட்டடங்களில் நைட் ஷிப்ட் பார்க்கும் இளைஞர்கள் இயற்கை நியமங்களுள் ஒன்று போலவே பாவிக்கின்றனர். இந்தச் சௌகரியத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. யந்திரம் எழுதும் வேகம் மனிதன் படிக்கும் வேகத்தை மிஞ்சிய பின்னரே இதற்கு அவசியம் நேர்ந்தது. அதற்கு முன் இதை எவரும் வேண்டவும் இல்லை, இல்லையே என்று வருந்தவும் இல்லை. நிறுத்தி நிறுத்திக் காட்டியது இதன் முதற்படி மாத்திரமே. காகிதம் போனபோது உடன்போன ஓர் உரிமையை, அதாவது கடந்துபோன வரியைத் திரும்பப் பார்க்கும் உரிமையை, வாசகனுக்கு மீட்டுத் தந்ததே இதன் மெய்யான சாதனை என்பது என் துணிபு.

ஆதியில் முனையம் என்பது திரையன்று, தட்டச்சு யந்திரமே. 1963இல் அமெரிக்காவில் வெளிவந்த டெலிடைப் 33 என்னும் சாதனம், விநாடிக்குப் பத்து எழுத்து வீதம், வரிக்கு 72 எழுத்தளவில், சுருள் காகிதத்தில் அச்சிட்டது. அதே வம்சத்தைச் சேர்ந்த தொலையச்சு யந்திரங்கள் நம் நகரத்துக்கு அந்நியமானவை அல்ல; ஒலிவெட்டி என்ற இத்தாலிய நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் மத்திய அரசு 1960இல் கிண்டியில் தோற்றுவித்த இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் தொழிற்சாலை, இவ்வகை யந்திரங்களை இம்மாநகரிலேயே செய்து நாடெங்கும் அனுப்பிற்று. அவை கணிப்பொறிக்கென்று செய்யப்பட்டவை அல்ல, தந்திப் போக்குவரத்துக்கென்று செய்யப்பட்டவை. ஆயினும் அவற்றின் முன் உட்கார்ந்து படிக்கும் முறை, டெலிடைப்பின் முன் உட்கார்ந்த கணிப்பொறி நிபுணரின் முறையினின்று சிறிதும் வேறுபட்டதன்று. வரி வரியாகக் காகிதம் மேலேறும். கண் அதைத் தொடரும். ஐயம் தோன்றினால் ஏறிப்போன காகிதத்தைக் கையால் பிடித்துத் தாழ்த்திப் பார்த்துக்கொள்ளலாம். வேண்டிய பகுதியைக் கிழித்து மேசையில் வைத்துக்கொள்ளவும் தடையில்லை.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது உசிதம். பிற்காலத்தில் நிலைபெற்ற திரை, 80 நிரலும் 24 வரியும் கொண்டது. நிரம்பினால் 1,920 எழுத்துகள். விநாடிக்குப் பத்து எழுத்து வீதம் இத்தனையையும் அச்சிட 192 விநாடிகள், அதாவது மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகும். நிதானமாகப் படிப்பவன்கூட அதற்குள் படித்து முடித்து, யந்திரம் எப்போது முடிக்கும் என்று காத்திருப்பான். இத்தகைய சாதனத்தின் முன் ‘நிறுத்து’ என்று சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் எவருக்கும் ஏற்படவில்லை.

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் அமைப்பில், பக்கம் என்ற கருத்து காகிதத்தோடு மாத்திரமே சம்பந்தப்பட்டிருந்ததும் இதனாலேயே. அதிலுள்ள ‘பிஆர்’ என்ற கட்டளை ஒரு கோப்பை 66 வரிகள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் தேதி, கோப்பின் பெயர், பக்க எண் ஆகியவற்றை இடும். அந்த 66 என்ற எண், அங்குலத்துக்கு 6 வரி வீதம் 11 அங்குலக் காகிதத்தில் அடங்கும் அளவே.

திரை வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விடி05 என்ற முனையம் 1970இல் 20 வரியும் 72 நிரலுமாகப் புறப்பட்டது; விடி52 அதை 24 வரியும் 80 நிரலுமாக விரிவாக்கிற்று; 1978இல் வந்த விடி100 அந்த அளவையே உலகப் பொதுவழக்காக்கிவிட்டது. எண்பது என்ற நிரல் எண்ணிக்கை, ஐபிஎம் நிறுவனம் 1928இல் புகுத்திய துளையட்டையின் எச்சம் என்பதையும், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அட்டையை நேரில் காணாத தலைமுறையின் திரையில் அது குடியிருந்தது என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கலாம். முக்கியமான மாறுதல் அளவில் இல்லை, வேகத்தில் இருந்தது. 9,600 பாட் கம்பியில் விநாடிக்குச் சுமார் 960 எழுத்துகள் வரும். முன்பு மூன்று நிமிஷம் பிடித்த ஒரு திரையளவு இப்போது இரண்டே விநாடியில் நிரம்பி, அடுத்த இரண்டு விநாடியில் அடியோடு மறைந்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் மதகைத் திறந்துவிட்டாற்போல எழுத்து பாய்ந்தது. போன நீர் போனதுதான். அக்காலத்துத் திரைகளில், மேல் விளிம்பைக் கடந்த வரிக்கு மறுபிறவி கிடையாது. வேகம் கூடியதைச் சகலரும் கொண்டாடினர். காகிதத்தோடு ஞாபகமும் கைவிட்டுப் போனதைச் சிலரே கவனித்தனர்.

பாய்ச்சலை நிறுத்த முதலில் கைக்கொண்ட உபாயம் கன்ட்ரோல்-எஸ், மறுபடி விடுவதற்குக் கன்ட்ரோல்-க்யூ. இவ்விரு குறிகளும் உண்மையில் டெலிடைப்பின் துளைநாடா வாசிப்பானை நிறுத்தவும் ஓட்டவும் ஏற்பட்டவை. பழைய சாதனத்தின் பூட்டும் சாவியும் புதிய சாதனத்துக்கு இரவலாக வந்தன. ஆனால் நிறுத்தும் பொறுப்பு முழுதும் மனிதனின் விரலிலேயே இருந்தது. ஒரு விநாடி தாமதித்தால் பன்னிரண்டு வரிகள் போய்விடும். வேண்டிய வரி அவற்றுள் இருந்துவிட்டால் கட்டளையை ஆதியிலிருந்து மறுபடி இட வேண்டியதுதான்.

யூனிக்ஸில் இந்தப் பொறுப்பை யந்திரத்திடமே ஒப்படைத்தவர் டேனியல் ஹால்பர்ட். அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராக இருந்தபோது, அங்கு வழங்கிய ஐடிஎஸ் என்ற அமைப்பு, திரை நிரம்பியவுடன் அடியில் ‘மோர்’ என்று எழுதிக் காத்திருப்பதைக் கண்டிருந்தார். 1978இல் பெர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவரானபோது, அதே வழக்கத்தை யூனிக்ஸில் ஒரு தனி மென்பொருள் நிரலாக அமைத்தார். பெயரும் ‘மோர்’ என்றே ஆயிற்று. பிறகு எரிக் ஷைன்பிராட் முதலியோர் அதை விருத்தி செய்தனர். 1979இன் இறுதியில் வெளியான பெர்க்லி யூனிக்ஸின் மூன்றாம் பதிப்பில் அது இடம்பெற்றது. திரையில் எத்தனை வரி உண்டு என்பதை நிரல் எப்படி அறியும் என்ற வினாவுக்கு, அதே பெர்க்லியில் பில் ஜாய் உருவாக்கிய ‘டெர்ம்கேப்’ என்ற முனைய விவரத் தொகுப்பு விடையளித்தது. கோப்பில் எத்தனை சதவீதம் கடந்தாயிற்று என்பதையும் ‘மோர்’ அடியில் காட்டியது. காகிதச் சுருளில் கனத்தைக் கையால் அறிந்த வாசகனுக்குத் திரை தந்த முதல் பிரதியுபகாரம் இதுவே எனலாம்.

1983இல் வந்த டாஸ் 2.0 பதிப்பு, ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றுக்குச் செலுத்தும் குழாயிணைப்பையும் ‘மோர்’ கட்டளையையும் யூனிக்ஸிலிருந்து எடுத்துக்கொண்டது. ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளாக இருந்த சில மாடிகளில் கணிப்பொறியும் வந்து உட்கார்ந்த தொண்ணூறுகளில், பலர் முதன்முதலாகக் கற்ற பத்துக் கட்டளைகளுள் கோப்புப் பட்டியலைக் காட்டும் ‘டிர்’ என்பதோடு சாய்கோடும் ‘பி’யும் சேர்த்து இடுவது ஒன்று, அதுவும் திரையளவில் நிறுத்திக் காட்டும் உபாயமே.

பாடத்திட்டத்தில் இது அடைந்த கதியை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் லேபின் முதற்பயிற்சியாக இருந்தவை யூனிக்ஸ் அடிப்படைக் கட்டளைகள். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே நெருக்கமாக முளைத்துள்ள பொறியியல் கல்லூரிகளின் மாணவர்கள், எய்ம், அல்காரிதம், அவுட்புட், ரிசல்ட் என்ற வரிசையில் ரெகார்டு நோட்டில் இவற்றை அழகாக எழுதிக் கையொப்பம் பெறுகின்றனர். பரிசோதனைக்கென்று, கோப்பை ஆக்கவும் நிறுத்தாமல் காட்டவும் வல்ல ‘கேட்’ கட்டளையால் அவர்கள் ஆக்கும் கோப்பு பெரும்பாலும் மூன்று வரி, மிஞ்சினால் நான்கு வரி. இருபத்துநான்கு வரித் திரையில் மூன்று வரிக் கோப்பைக் காட்டச் சொன்னால் ‘மோர்’ எங்கே நிற்கும்? ஆகவே நோட்டில் ‘கேட்’டுக்கும் ‘மோரு’க்கும் ஒரே அவுட்புட், ஒரு கட்டளையின் ஜீவனான குணம் மட்டும் காணாமற் போய், ரிசல்ட்டில் வெற்றிகரமாக நிறைவேறியது என்ற வாக்கியம் நிற்கிறது. நூறு வரிக் கோப்பு ஒன்றைக் கையில் கொடுத்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் விளங்கக்கூடிய விஷயம் இது.

‘மோர்’ முன்னோக்கியே நடந்தது. ஆரம்ப காலத்தில் அதற்குப் பின்னடை தெரியாது. கோப்பில் பின்னோக்கியும் செல்ல வேண்டும் என்ற தேவையிலிருந்து, மார்க் நூடெல்மன் என்பவர் எண்பதுகளின் முற்பாதியில் ‘லெஸ்’ என்ற நிரலை எழுதி 1985இல் பொதுவில் வெளியிட்டார். ஸ்பேஸ் பட்டைக்கு முன்னேறி, ‘பி’ விசைக்குப் பின்வாங்குவது வெளிப்பார்வைக்குச் சிறு திருத்தமே. அதன் அடியிலுள்ள ஏற்பாடு அவ்வளவு எளியதன்று. வட்டில் கிடக்கும் கோப்பானால் வேண்டிய இடத்துக்கு நேரே தாவலாம். ஆனால் வேறொரு நிரலிலிருந்து குழாய் வழியே வரும் எழுத்துக்கு இருப்பிடம் ஏது? ‘லெஸ்’ அவ்வாறு வந்ததைத் தன் நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, கேட்டபோது திரும்பக் காட்டியது. மேலும், தொகுப்பிகளைப் போல முழுக் கோப்பையும் படித்துவிட்டுத் திறப்பதன்று இது. திரைக்கு வேண்டியதை மட்டும் படித்து உடனே காட்டும். டெலிடைப் வாசகன் காகிதத்தைத் தாழ்த்திப் பார்த்தானே, அந்தச் சுதந்திரம் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு திரும்பி வந்தது. சாய்கோடிட்டுச் சொல்லைத் தேடும் வசதியோ காகிதம் கனவிலும் தராதது.

நம் பகுதியில் இதன் பிரயோகம் விரிந்தது, 1960களில் யந்திரப் பட்டறைகளுக்கென்று ஏற்பட்ட அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள், லேத்துகளின் அண்டைவீட்டாராக எச்சிஎல் போன்ற மென்பொருள் நிறுவனங்கள் வந்து சேர்ந்த பிறகு. சப்போர்ட் வேலை பார்ப்பவரின் மேசையில் பெரும்பாலும் விண்டோஸ் லேப்டாப், அதில் சைமன் டாத்தம் 1999இல் வெளியிட்ட ‘புட்டி’யின் கறுப்புச் சாளரம், அது திறக்கும்போது இன்றும் 80 நிரல், 24 வரி. தொலைதேசத்து சர்வரில் ஏதோ பழுது என்று டிக்கெட் விழுந்தவுடன், லாகை ‘லெஸ்’ஸில் திறந்து, பெரிய ‘ஜி’யை அழுத்திக் கடைசி வரிக்குப் போய், கேள்விக்குறியிட்டு ‘எரர்’ என்ற சொல்லைப் பின்னோக்கித் தேடுவார். கோப்பு மிகப் பெரிதாயின், வரி எண்களைக் கணக்கிடுவதாக அடியில் ஓர் அறிவிப்பு வந்து நிற்கும். அனுபவசாலிகள் கன்ட்ரோல்-சி அழுத்தி அதைத் தவிர்த்துவிடுவர். பிழை எழுந்த வரி கிடைத்ததும் அவர் முன்னோக்கிப் போவதே இல்லை. காரணம் எப்போதும் காரியத்துக்கு முன்னால், அதாவது திரையில் மேலே, இருக்கிறது. புதிதாக விழும் வரிகளைத் தொடர்ந்து கவனிக்கப் பெரிய ‘எஃப்’ உண்டு. அதை அழுத்தியவுடன் ‘லெஸ்’ டெலிடைப்பாக மாறிவிடுகிறது.

தமிழ் எழுத்து இத்திரைக்கு வந்தபோது எழுந்த இடர் தனியே கவனிக்கத்தக்கது. கோப்பு எந்தக் குறிமுறையில் உள்ளது என்று சொல்லப்படாவிடில், தனக்கு விளங்காத ஒவ்வொரு பைட்டையும் ‘லெஸ்’ கோணக்குறிகளுக்குள் ஈரிலக்கமாகக் காட்டும். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு ஐந்து குறியீடுகள், குறியீட்டுக்கு மூன்றாகப் பதினைந்து பைட்டுகள். பைட்டுக்கு நான்கு நிரல் வீதம், எண்பதில் அறுபது நிரலை அந்த ஒரு சொல்லே அடைத்துக்கொள்ளும். குறிமுறையைச் சரியாகச் சொல்லிவிட்டாலும் சங்கடம் முற்றிலும் தீர்வதில்லை. முனையம் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கட்டம் என்று துளையட்டைக் காலத்து நியாயத்தில் எண்ணுவது. யூனிகோட் அட்டவணையில் இகரக் குறி இடம் கொள்வதாகவும், ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் கொள்ளாதனவாகவும் வகுக்கப்பட்டிருப்பதால், அதைப் பின்பற்றும் முனையங்களில் ‘கி’ இரண்டு கட்டம் பெற, நெடிலான ‘கீ’ ஒரே கட்டத்தோடு திருப்தியடைய வேண்டியிருக்கிறது. மாத்திரைக் கணக்குக்கு நேர் விரோதமான இந்த ஏற்பாட்டை எந்த இலக்கண ஆசிரியரும் சகித்திருக்க மாட்டார். ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனிக் குறியீடு தரும் டேஸ்16 முறையையும் யூனிகோடோடு சேர்த்து 2010 ஜூனில் தமிழக அரசு அங்கீகரித்தது. முனையங்களோ யூனிகோடின் வழியிலேயே சென்றுவிட்டன.

எழுத்துருவின் அகலமும் அட்டவணையின் அகலமும் மாறுபடும் இடங்களில், ‘லெஸ்’ ஒரு வரியென்று எண்ணியது திரையில் இரண்டு வரியாக மடிந்து, தலைவரி விளிம்புக்கு மேல் தள்ளப்பட்டுவிடும். தமிழ்ப் பெயர்கள் நிறைந்த கோப்புகளைப் பார்ப்பவர்கள் அப்போது ‘ஆர்’ விசையை அழுத்தித் திரையை மறுபடி வரையச் செய்து, பக்கவாட்டில் வெட்டிக் காட்டும் பெரிய ‘எஸ்’ விருப்பத்தை இட்டுக்கொண்டு, மேலே படிக்கின்றனர்.