பழைய மின்சூளும் புதிய ஒளியும்

மக்கள் வழக்கில் 'ரோச் லைற்' எனப்படும் மின்சூள், வீட்டுப் பொருள்களுள் அதிகம் பேசப்படாத ஒன்று. இரவில் வயலுக்கு நீர் கட்டச் செல்லும் உழவனும், விடியுமுன் கரையில் வலையைப் பிரிக்கும் மீனவனும் அதனைக் கையிலெடுக்கும்போது அதன் வரலாற்றை எண்ணுவதில்லை. ஆயினும், நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் உருவத்தைப் பெரிதும் மாற்றாது, உள்ளுறுப்புகளை மட்டும் மீண்டும் மீண்டும் மாற்றிக்கொண்டு வந்த கருவி அது. இன்று பல நாடுகளிலும் ஆர்வலர் சிலர் பழைய பெரிய மின்சூள்களை எடுத்து, அவற்றின் குமிழை நீக்கிப் புதிய ஒளிமூலத்தையும், மீள மின்னேற்றக்கூடிய கலங்களையும் பொருத்தி வருகின்றனர். ஒரு நூற்றாண்டின் வரலாற்றை அவர்கள் ஒரு மாலைப் பொழுதில் மீண்டும் நடத்திப் பார்க்கின்றனர் எனலாம்.

அவ்வரலாறு விளக்கிலே தொடங்கவில்லை, மின்கலத்திலே தொடங்குகிறது. 1866 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டவரான லெக்கிளான்சே அமைத்த கலம் நெடுங்காலம் பயன்பட்டது. ஆயினும், அது திரவம் நிறைந்த கண்ணாடிச் சாடியாயிருந்தமையால், சாய்த்தாற் சிந்தும். கையிற் கொண்டு செல்ல உதவாது. 1886 இல் ஜேர்மனியரான கார்ல் கஸ்னர் அத்திரவத்தைப் பசையாக்கி, நாகத்தாலான குவளையையே கலத்தின் கொள்கலமாகவும் ஆக்கினார். எப்பக்கம் கவிழ்த்தாலும் சிந்தாத உலர்கலம் அவ்வாறு பிறந்தது. கையில் ஏந்தும் மின்விளக்குக்கு அதுவே வழி திறந்தது.

1899 ஆம் ஆண்டு சனவரி 10 ஆம் நாள், நியூயோர்க்கில் வாழ்ந்த டேவிட் மிசெல் என்பாருக்கு மின்சூளுக்கான அமெரிக்க ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. உலர்கலங்களைக் குழாயொன்றினுள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, முனையிலே சிறு குமிழும் அதன் பின்னே ஒளியைத் தெறிக்கச் செய்யும் உலோகக் கிண்ணமும் வைத்தமையே அவர் செய்த அமைப்பு. அதனை வணிகப் பொருளாக்கியவர், மின்சுக்கு நகரிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய கொன்றட் ஹியூபேட். நியூயோர்க்குக் காவலர்க்குச் சில விளக்குகள் இலவசமாக அளிக்கப்பட்டன. அவர்கள் கூறிய நற்சான்று விளம்பரமாயிற்று.

ஆயினும் அவ்விளக்குத் தொடர்ந்து எரியவில்லை. அதன் கரி இழை மின்னை மிகுதியாக உண்டது. கலமோ விரைவிற் களைத்தது. ஆளியை ஒரு கணம் அழுத்தி ஒளி பெற்று, உடனே விட்டுவிட வேண்டும். அமெரிக்கர் அதற்குப் 'பளிச்சிடும் விளக்கு' எனப் பொருள்படும் பெயரை வைத்தமைக்குக் காரணம் இக்குறையே. 1910 ஆம் ஆண்டளவில் தங்குதன் இழை வந்தபின்னரே, இருளில் நடப்பவனுக்கு வழி முழுவதும் துணைவரும் ஒளி கிடைத்தது. கலமும் திருந்தியதுதான், ஆயினும் குமிழ் குறைவாக உண்ணக் கற்றுக்கொண்டமையே பெரும் பயன் தந்தது.

மிசெல் உரிமை பெற்ற அதே 1899 இல், சுவீடன் நாட்டவரான யுங்னர் நிக்கல்-கட்மியக் கலத்தைக் கண்டார். தீர்ந்தவுடன் எறியப்படாது மீண்டும் மின்னேற்றக்கூடிய கலம் அது. எனினும், அதனைக் கசிவின்றி முற்றாக அடைத்துச் செய்யும் முறை 1947 இலேயே கைகூடியது. இடைப்பட்ட காலமெல்லாம் உலக மக்கள் கலம் வாங்கி, எரித்து, எறிந்து, மீண்டும் வாங்கினர். வறிய குடும்பத்துக்கு மின்சூளின் விலையைவிட அதன் உணவின் விலையே நாளடைவிற் பெருஞ்செலவாயிற்று.

கலத்தை வாங்கவும் இயலாத காலமொன்று இலங்கையின் வடபகுதியில் வந்தது. 1990 இற்குப் பின்னர் சில ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை; மின்கலங்களும் அங்குச் செல்லத் தடை செய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. மாணவர் சிறு போத்தலில் மண்ணெண்ணெயும் திரியும் இட்டுப் படித்தனர். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவில் எழுந்த மின்னாலே வானொலியில் செய்தி கேட்டனர். மின்சூள்கள் வீட்டிலே இருந்தன; ஆயினும் கலமின்றி அவை வெறும் குழாய்களாயின. விளக்கின் உயிர் எங்கே உறைகிறது என்பதை அம்மக்கள் நூலிற் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

இதற்கிடையில் மறுகோடியில் வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1962 இல் அமெரிக்கரான நிக் ஹொலொனியாக், சிவப்பு ஒளி தரும் இருவாயியை ஆக்கினார். ஜப்பானியரான அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவரின் உழைப்பால், 1990களின் முற்பகுதியிற் பிரகாசமான நீல ஒளியும் கைகூடியது. அந்நீலத்தின்மீது மஞ்சளாய் ஒளிரும் பொருளைப் பூசியபோது வெண்ணொளி பிறந்தது. 1991 இல் இலிதியம்-அயன் கலம் சந்தைக்கு வந்தது. முன்னதற்கு 2014 இலும், பின்னதற்கு 2019 இலும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பழைய மின்சூட் குமிழ், வாற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 10 லூமன் ஒளியே தந்தது. இன்றைய இருவாயியோ 100 இற்கு மேலும் தரவல்லது.

இவ்விரண்டையும் பழைய குழாயினுள் வைத்தல் எளிதுபோலத் தோன்றும். உண்மையில் அங்கேதான் அறிவு வேண்டப்படுகிறது. இழை சூடேறும்போது அதன் தடை உயர்வதால், அது தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். இருவாயியின் இயல்பு நேர்மாறானது. அது சூடேறச் சூடேற மேலும் மின்னை ஏற்கும். கட்டுப்பாடு இன்றேல் தன்னையே எரித்துவிடும். ஆகவே மின்னோட்டத்தை அளந்து விடும் சிறு சுற்றொன்று இடையே வேண்டும். இழைக்குமிழின் வெப்பத்திற் பெரும்பகுதி ஒளியோடு முன்னே சென்றுவிடும். இருவாயியின் வெப்பமோ அதன் அடியிலேயே தேங்கும். அதனை வெளியேற்ற, செம்பு அல்லது அலுமினியக் கட்டியொன்றைக் குழாயின் சுவரோடு இறுகப் பொருத்துவர். அடிபட்டாலும் நசுங்காதிருக்கவென்று 1979 முதல் அமெரிக்காவில் அலுமினியத்தாற் செய்யப்பட்ட பெரிய மின்சூள்கள் இதற்கு மிகவும் உகந்தனவாயின. வலிமைக்காகத் தேர்ந்த உலோகம், பின்னர் வெப்பத்துக்கு வழிவிடும் உலோகமாயிற்று.

கலத்திலும் அவ்வாறே கவனம் வேண்டும். சாதாரண உலர்கலம் 1.5 வோற்று உடையது. நிக்கல் வகை மீளேற்றுக் கலம் 1.2 வோற்றே உடையது. எனவே நான்கு கலம் கொள்ளும் மின்சூளில் 6 வோற்று இருந்த இடத்தில் 4.8 வோற்றே கிடைக்கும். இலிதியக் கலம் ஒன்றே ஏறத்தாழ 3.7 வோற்றுத் தரும். ஆயினும், பழையதும் புதியதுமான இலிதியக் கலங்களைக் கலந்து அடுக்கினாலும், அவற்றுக்குரியதல்லாத கருவியால் மின்னேற்றினாலும் அவை தீப்பற்றக்கூடும். இறுக மூடிய உலோகக் குழாயினுள் அது வெடியாகவும் மாறும்.

மின்சூளின் நீண்ட கதையிற் குமிழும் கலமும் ஒருபோதும் தனித்து வெற்றி பெற்றதில்லை. கலம் களைத்திருக்க, இழை மட்டும் ஆசைப்பட்டபோது ஒளி கணப்பொழுதில் அணைந்தது. இழை அடங்கிச் செலவு செய்தபோது ஒளி நீண்டது. பழைய குழாயைப் புதுக்குவோரும் ஈட்டத்தையும் செலவையும் ஒருங்கே எண்ணினால், அவர் கையிலுள்ள விளக்குப் பல்லாண்டு பயன்தரும்; எறியப்படும் கலங்களும் குறையும். இருளைக் கடக்க வேண்டியவனுக்கு வேண்டுவது கண்ணைக் கூசவைக்கும் ஒளியன்று. வீடு சேரும்வரை அணையாத ஒளியே.