துரத்தலில் சேர்ந்த ஜோடி

சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் பொது நூலகம் திறக்கப்பட்ட ஆண்டு 1982. தமிழ்நாட்டில் மாத நாவல்கள் சூடுபிடித்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய அந்த மலிவுத்தாள் புத்தகங்கள் கடல் தாண்டி சிராங்கூன் சாலைக் கடைகளுக்கும் வந்தன. பின்னால் தொகுப்புகளாகி, சிங்கப்பூர்ப் பொது நூலகங்களின் தமிழ் அலமாரிகளிலும் ஏறின. புக்கிட் மேரா நூலகத்துக்குப் பதிலாக 2019இல் விவோசிட்டி கடைத்தொகுதியில் ஹார்பர்ஃபிரண்ட் நூலகம் வந்துவிட்டது. ஆனாலும் அந்த நாவல்களை எழுதிய ராஜேஷ்குமாருக்கும் பட்டுக்கோட்டை பிரபாகருக்கும் இங்கே வாசகர்கள் குறையவில்லை.

இந்தக் கதைகளில் பழகிப்போன ஓர் அமைப்பு உண்டு. குற்றவாளி தப்பி ஓடுகிறான். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து துரத்துகிறார்கள். துரத்தலுக்கு நடுவே அவர்களுக்குள் காதலும் ஓடுகிறது. இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்த ஜோடி தமிழில் உருவாக முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

தொடக்கத்தில் காதலும் இருந்தது, துப்பறிதலும் இருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் இல்லை. ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908இல் வெளிவந்தது. காதல் ராஜாம்பாளுக்கும் கோபாலனுக்கும் உரியது. புலன்விசாரணை துப்பறியும் கோவிந்தனுடையது. ஆரணி குப்புசாமி முதலியாரின் ஆனந்தசிங், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் ஆகியோரும் இதே இனம்தான். மற்றவர்களின் குடும்பச் சிக்கலை அவிழ்ப்பவர்கள், தமக்கென்று காதல் வைத்துக்கொள்ளாதவர்கள். பெயரிலேயே துறவு பூண்ட திகம்பர சாமியாரைக் காதலில் விழவைக்க எந்த வாசகரும் துணிந்திருக்கமாட்டார்.

அடுத்த கட்டத்தில் துப்பறிவாளருக்கு மனைவி வந்தாள். தேவனின் சாம்புவுக்கு வேம்பு. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு இந்திரா. ஆனால் அசட்டு அதிர்ஷ்டத்தில் வழக்குகளை வெல்லும் சாம்புவின் கதையில் வேம்பு நகைச்சுவையின் ஒரு பகுதி. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்ட தமிழ்வாணன், தன் நாயகனை டோக்கியோ வரை அனுப்பினார். இந்திரா உடன் இருந்தபோதும் மூளை என்னவோ சங்கர்லாலுடையதுதான். வீடு ஒரு பக்கம், வேட்டை ஒரு பக்கம்.

சுஜாதா இன்னொரு வழி கண்டார். 1968இல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ கதையில் வழக்கறிஞர் கணேஷ் அறிமுகமானார். பிறகு ஜூனியராக வசந்த் சேர்ந்தான். பெண்களிடம் வழிவதும் ஜோக்கடிப்பதும் வசந்தின் வேலை, யோசிப்பது கணேஷின் வேலை. பேச்சு, கிண்டல், ஒருவர் சொல்லை மற்றவர் பிடித்துக்கொள்ளும் வேகம் என்று பின்னால் வந்த காதல் ஜோடிகளுக்கு வேண்டிய அத்தனையும் இங்கே தயாராகிவிட்டது. இருவரும் ஆண்கள் என்பது ஒன்றுதான் குறை.

இந்த வரலாற்றில் சிங்கப்பூர் நேரடியாக நுழைவதும் கணேஷ் வழியாகத்தான். ‘பிரியா’ நாவலில் நடிகை பிரியாவைக் கண்காணிக்கக் கணேஷ் போவது லண்டனுக்கு. 1978இல் எஸ்.பி. முத்துராமன் அதைப் படமாக்கியபோது கதைக்களம் சிங்கப்பூருக்கு மாறியது. ரஜினிகாந்த் கணேஷ், ஸ்ரீதேவி பிரியா. களத்தை மாற்றியதோடு திரைக்கதை நிற்கவில்லை. நாவலில் விலகி நின்று வேலை பார்த்த வழக்கறிஞருக்குப் படத்தில் ஒரு காதலியும் கிடைத்தாள். அந்த வேடத்தில் நடித்தவர் மலேசிய நடிகை அஸ்னா ஹமீத். இளையராஜாவின் இசையில் அவர்களுக்கு டூயட்டும் உண்டு. நாவலின் விசுவாசிகளுக்கு இது உறுத்தலாக இருந்திருக்கலாம். ஆனால் வேட்டைக்காரனுக்கும் காதல் வேண்டும் என்ற திரைக்கணக்கு, சில ஆண்டுகளிலேயே மாத நாவல்களின் கணக்காகவும் ஆனது.

வேட்டையையும் காதலையும் எப்படிச் சேர்ப்பது என்பதற்கு 1980களில் மூன்று விடைகள் வந்தன. ராஜேஷ்குமார் பழைய பாதையைச் செப்பனிட்டார்: விவேக் குற்றப்பிரிவு அதிகாரி, ரூபலா அவர் மனைவி. பட்டுக்கோட்டை பிரபாகர் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார். அவருடைய பரத்தும் சுசீலாவும் மூன்லைட் ஏஜென்சியில் சேர்ந்து வேலை செய்பவர்கள், காதலர்கள், ஆனால் தம்பதி அல்லர். சுசீலாவின் டி-ஷர்ட்டில் இந்தத் தடவை என்ன வாசகம் என்று பார்க்கவே புத்தகம் வாங்கியவர்கள் உண்டு. அந்த வாசகத்தை வைத்துப் பரத் சீண்டுவதும் அவள் திருப்பிக் கொடுப்பதும், கொலை நடந்த அறையின் இறுக்கத்தைத் தளர்த்தும் உத்தி. சுபா என்ற ஒரே பெயரில் எழுதிய சுரேஷ், பாலகிருஷ்ணன் இருவரும் ஈகிள்ஸ் ஐ நிறுவனத்தை அமைத்து நரேந்திரனையும் வைஜயந்தியையும் களமிறக்கினார்கள். இங்கே பெண் அடியும் கொடுப்பாள்.

கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதில் ஒரு வியாபாரத் தந்திரமும் இருந்தது. மாதாமாதம் புதுக் குற்றவாளி பிடிபட்டாக வேண்டும். காதல் மட்டும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. தாலி ஏறிவிட்டால் அந்த இழுபறி போய்விடும்.

பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜயந்தி ஆகிய இரண்டு ஜோடிகளுமே தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தது தற்செயல் அல்ல. தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் சேர்க்கப்பட்டதே 1973இல்தான். ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் வந்தது. எண்பதுகளின் வாசகருக்கு, ஆண் அதிகாரியோடு சரிசமமாக ஜீப்பில் ஏறும் பெண் அதிகாரியைக் கண்ணால் கண்ட அனுபவம் மிகக் குறைவு. மேலும் காக்கிக்குள் காதலை வைத்தால் மேலதிகாரி, இடமாற்றம், துறை ஒழுங்கு என்று ஆயிரம் கேள்வி எழும். ஏஜென்சிக்கு அந்தத் தொல்லை இல்லை.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. இங்கே 1949லேயே பெண்கள் காவலர்களாகச் சேர்ந்துவிட்டார்கள். தப்பியோடுபவனின் நிலவியலும் வேறு. கடற்பாலத்தைத் தாண்டினால் ஜோகூர், இன்னொரு நாடு. 2008 பிப்ரவரியில் விட்லி சாலைத் தடுப்புக்காவல் நிலையத்திலிருந்து தப்பிய பயங்கரவாதச் சந்தேகநபர் மாஸ் செலாமட், ஓராண்டுக்கும் மேல் கழித்து 2009 ஏப்ரலில் ஜோகூரில்தான் பிடிபட்டார். இரு நாட்டுக் காவல்துறைகள் சம்பந்தப்பட்ட அப்படியொரு வேட்டைக்குத் தனியார் ஏஜென்சி ஜோடி போதாது, சீருடை வேண்டும். மீடியாகார்ப்பின் வசந்தம் ஒளிவழி 2010இல் ‘வேட்டை’ என்ற காவல்துறைத் தொடரைத் தயாரித்தபோது, தமிழ் பேசிக்கொண்டே குற்றவாளிகளைத் துரத்தும் அதிகாரிகளைப் புக்கிட் மேரா அடுக்குமாடி வீடுகளின் வரவேற்பறைகளில் பார்க்க முடிந்தது. தொடருக்கு அடுத்தடுத்த பாகங்களும் வந்தன.

மாத நாவல் ஜோடிகளுக்கு இன்னொரு கதவும் திறந்தது. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் மலிவு நாவல்களிலிருந்து ஓர் ஆங்கிலத் தொகுப்பு கொண்டுவந்தது. மொழிபெயர்த்தவர் பிரீதம் சக்கரவர்த்தி. தமிழ் பேச வந்தாலும் வாசிப்பதெல்லாம் ஆங்கிலத்தில் என்றிருக்கும் சிங்கப்பூர் இளையர்களும் இப்படித்தான் பரத்–சுசீலாவைப் படிக்கலாம் என்றானது. அதில் சுபாவின் கதைக்குத் தலைப்பு ‘ஹரிகேன் வைஜ்’. எழுதியவர்கள் இருவரும் ஆண்கள். தலைப்பில் நரேந்திரன் பெயரையே காணோம்.